கோடு போடாத கழுத்து

மூசெம் திருவிழாவுக்கு முந்தைய வாரம், ஐன் சம்ரா ஊருக்கு வெளியே, அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்த வாற்கோதுமை வயலில், ஒரு குதிரையின் இடப்பக்கம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. முதலில் பார்த்தவர் ரொட்டிச் சூளைக்கு விறகு கொண்டுபோன கழுதைக்காரர். பாதையின் இந்தத் தலையிலிருந்து வந்தபோது குதிரையைப் பார்த்தார். தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தபோது வயலைத்தான் பார்த்தார். சந்தேகப்பட்டு மறுபடி பின்னால் வந்தபோது குதிரை அங்கேயே நின்று, வாலை ஒருமுறை வீசி, ஈ ஓட்டியது. நேர் முன்னால் நின்று பார்த்தால் பாதி முகம், ஒரு கண், ஒரு மூக்குத்துளை. அந்தப் பாதி எங்கே முடிகிறது என்று உற்றுப் பார்த்தவருக்குக் கண் வலித்ததே தவிர முடிவு தெரியவில்லை. கழுதை மட்டும், இரண்டு பக்கமும் ஏதோ இருப்பதுபோல, இந்தப் பக்கமும் ஒதுங்கி அந்தப் பக்கமும் ஒதுங்கி நடந்தது.

சூரியன் உச்சிக்கு வருவதற்குள் ஊர் முழுக்க வயலில் கூடிவிட்டது. அது யாருடைய குதிரை என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. சாம்பல் நிறம், நெற்றியில் பால் சிந்தியது போன்ற வெள்ளை. போன மூசெமின் குதிரைப் பாய்ச்சலில் கால் தடுக்கி விழுந்து, தன்மேல் இருந்த பிராஹிமையும் கொன்று, முன்னங்கால் முறிந்ததால் அன்று மாலையே தானும் சுடப்பட்டுச் செத்த குதிரை அது. அதை வரைந்தது யாருடைய கை என்பதிலும் குழப்பம் இருக்கவில்லை. வால் நுனியில், மை தீர்ந்துபோகும் தூரிகை கடைசியாகத் திரும்பும் அந்தச் சுழி, ஊரில் ஒரே ஒருவர்தான் அப்படிப் போடுவார்.

குதிரைக் குழுவின் தலைவர் ஹாஜி பூஅஸ்ஸா, பிராஹிமின் அண்ணனும் ஓவியருமான மஹ்ஜூபின் கதவைக் கைத்தடியால் தட்டினார்.

"மஹ்ஜூப், உன் குதிரை வயல்ல நிக்குது. வந்து கட்டு. பக்கத்துக் காட்டுல மேஞ்சா வழக்கு என் தலைமேலதான் வரும்."

மஹ்ஜூப் வெளியே வரவில்லை. உள்ளே போய், சுவரை அடைத்து விரித்துவைத்திருந்த பெரிய துணிப் படத்தின் முன் நின்றார். பதினோரு குதிரைகள் வரிசையாக நிற்கும் படம் அது. ஒவ்வொரு குதிரையின் கழுத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். நடுவில், சேணத்தில் ஆள் இல்லாமல் நின்ற சாம்பல் குதிரையின் கழுத்தில், விரல் நின்றது.

ஐன் சம்ராவில் ஒரு வழக்கம் உண்டு. உயிருள்ள எதை வரைந்தாலும், வரைந்து முடித்தபின் கழுத்தில் குறுக்கே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு போட்டுவிடுவார்கள். கியாமத் என்னும் தீர்ப்பு நாளில் படைத்தவன் படம் வரைந்தவர்களை எல்லாம் நிறுத்தி, நீ செய்ததற்கு நீயே உயிர் கொடு என்று கேட்பான். கழுத்து அறுந்த ஒன்றுக்கு உயிர் கொடுக்கச் சொல்லிக் கேட்க முடியாது அல்லவா, அதற்காக. கசாப்புக் கடைப் பலகையில் இருக்கும் மாட்டுக்குக் கோடு உண்டு, பள்ளிச் சுவரில் இருக்கும் புறாவுக்கு உண்டு, முடிதிருத்தும் கடையின் வாசலில் மழுங்கச் சவரம் செய்து சிரிக்கும் ஆளுக்கும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் உள்ளே போகத் தயங்கி, தாடியோடே ஊர் திரும்பியிருக்கிறார்கள். மஹ்ஜூப் ஐம்பது வயதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்கக் குதிரைகளையும் மூசெமையும் தவிர வேறெதையும் வரையாதவர். ஆயிரம் கழுத்துகளுக்குக் கோடு போட்ட கை அது. இந்த ஒரு கழுத்தை எப்படி விட்டது? மறந்தாரா? போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாரா? இல்லை, தூரிகையை எடுத்து, தொட்டு, அருகே கொண்டுபோய், பிறகு தேநீர் கொதிக்கிற சத்தம் கேட்டு எழுந்து போனாரா? அன்றைக்குத் தேநீர் குடித்தது நினைவிருந்தது. எழுந்தது தேநீருக்காகத்தானா என்பது நினைவில்லை. தன் கையைத் தானே விசாரித்துப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை.

குதிரைக்கு ஏன் ஒரு பக்கம்தான் இருந்தது என்பதை மட்டும் அவர் யாரும் சொல்லாமலே அறிந்துகொண்டார். மூசெமில் குழுக்கள் பாய்வதைப் பார்க்க, இளவயதிலிருந்தே அவர் நிற்பது ஒரே இடத்தில்தான், பெண்கள் உட்காரும் பந்தலின் கயிற்றோரம். அங்கிருந்து பார்த்தால், துப்பாக்கியை உயர்த்தி வரிசையாகப் பாய்ந்து போகும் குதிரைகளின் இடப்பக்கம் தெரியும். மைதானத்தின் கோடியில் எல்லாத் துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தபின் அவர்கள் மெல்லத் திரும்பி வருவார்கள். அப்போது மஹ்ஜூப் தலை குனிந்து, பார்த்தது மறப்பதற்குள் தாளில் வரைந்துகொண்டிருப்பார். போகும்போது பார்ப்பார், வரும்போது வரைவார். அதனால் தன் ஆயுளில் அவர் எந்தக் குதிரையின் வலப்பக்கத்தையும், எந்த வீரனின் வலக்கன்னத்தையும் வரைந்ததே இல்லை. அது ஒரு குறை என்று அதுவரை யாரும் சொன்னதும் இல்லை.

ஊர் அந்தக் குதிரையைப் பழகிக்கொண்டது. இடப்பக்கமாகத்தான் கிட்டே போகவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வாளியில் வாற்கோதுமை வைத்தார்கள், தண்ணீர் வைத்தார்கள். காலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வதுபோல அதற்கும் ஸலாம் சொன்னார்கள். லாடம் அடிக்கிறவர் வந்து தெரிந்த இரண்டு குளம்புகளுக்கும் லாடம் அடித்துவிட்டு, மற்ற பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் காட்டுவதற்காக அந்த வெற்றிடத்துக்குள் கையை நீட்டினார். அடுத்த கணம் மல்லாந்து கிடந்தார். அவர் தொடையில் குளம்பின் வடிவில் நீலமாய்க் கன்றியது. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, தொடையைக் கேட்டவர்களுக்கு மட்டும் காட்டினார். நாய்கள் யாரும் சொல்லாமலே குதிரையின் வலப்பக்கத்தில், ஒன்றும் இல்லாத அந்த இடத்தில், எதன்மேலோ முதுகைச் சாய்த்துத் தூங்கின. இமாம் தையிப் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் தீர்ப்புச் சொன்னார்: "பாதிக் குதிரைக்கும் பசி முழுசுதான், அதனால தீனி வைங்க. ஆனா மூசெம் முடிஞ்சதும் மஹ்ஜூப் கோட்டைப் போட்டுடணும். செஞ்சவன் தலைமேல பாவம் ஏறிக்கிட்டே இருக்கக் கூடாது."

கோட்டைப் போட்டால் குதிரை போய்விடும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதனால்தானோ என்னவோ, மறுநாளிலிருந்து மஹ்ஜூபின் வாசலில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புகைப்படம். கடலில் போன மகன், பிரசவத்தில் போன மனைவி, பிரான்சில் சுரங்கத்தில் போன தகப்பன். எல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள், நேர்முகமாக, காது இரண்டும் தெரிய.

"முன்பக்கம்தானே இருக்கு? பின்பக்கம்?" என்று கேட்டார் மஹ்ஜூப்.

"முன்பக்கம் போதும்," என்றாள் ஒருத்தி. "நான் பின்னால போகவே மாட்டேன்."

அவர் யாருக்கும் வரைந்துகொடுக்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. இமாம் தையிப்கூட ஒரு மதியம் வந்து, கோடு போடும் மெல்லிய தூரிகை எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, பேச்சு தீர்ந்தபின்னும் போகாமல் நின்று, ஜெல்லாபா அங்கியின் முதுகில் தொங்கும் முக்காட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து, தான் மட்டும் பார்த்து, மறுபடி உள்ளே போட்டுக்கொண்டு போனார்.

யாம்னா மட்டும் படம் எதுவும் கொண்டுவரவில்லை. பிராஹிமின் மனைவி அவள். பேருந்து நிற்கும் இடத்தில் தட்டையப்பம் சுட்டு விற்கிறவள். ஓட்டுநர்கள் அவள் வாய்க்குப் பயந்து சில்லறையைச் சரியாக வைப்பார்கள். குதிரை வந்த நாளிலிருந்து அவள் காலையும் மாலையும் வயலுக்குப் போய், அதன் இடப்பக்கம் நின்று, பிடரியைக் கையால் கோதிவிட்டுத் திரும்பினாள். மூசெமுக்கு முந்தைய நாள், கையில் மாவு காயாமலே மஹ்ஜூபின் வீட்டுக்குள் வந்து, படத்தின் முன் நின்றாள்.

"சேணம் காலியா இருக்குண்ணா."

"தெரியும்மா."

"உங்களுக்குத் தெரியும். குதிரைக்குத் தெரியல. ஆள் எங்கேன்னு தினம் என் கையை மோந்து பாக்குது."

"கியாமத் நாள்ல என்னை நிறுத்திக் கேப்பாங்க, யாம்னா."

"அன்னிக்கு ஒரு நாள் கேப்பாங்க. என்னை அந்த வீடு தினமும் கேக்குதே. தண்ணிப் பானை கேக்குது, அவர் செருப்பு கேக்குது. நான் யார்கிட்ட போய்ப் பதில் சொல்றது?"

மஹ்ஜூப் தூரிகைகளைத் துடைத்தார். சுத்தமாக இருந்ததையே மறுபடி துடைத்தார். "எனக்கு அவன் இடப்பக்கம்தான் தெரியும்," என்றார்.

"போதும். நான் இடப்பக்கமே நின்னுக்கறேன்."

"பூஅஸ்ஸா என்ன சொல்வாரோ."

"அவர் என்ன சொல்வார்? வரிசையில ஓட்டை அடைஞ்சா சரின்னுதான் சொல்வார். அந்தக் கிழவருக்கு மனுஷங்களா தெரியும்? வரிசைதான் தெரியும்."

அவள் போனபின் அவர் வரைய உட்கார்ந்தார். பாயப்போகும் கணத்தில் தம்பி எப்படி இருப்பான் என்பது அவருக்கு மனப்பாடம்: வெள்ளை அங்கி, தலைப்பாகை, தொடையில் நிமிர்த்திப் பிடித்த நீளத் துப்பாக்கி, இறுகிய தாடை, மைதானத்தின் கோடியைத் தவிர வேறெதையும் பார்க்காத கண். சேணத்திலிருந்து தொடங்கி மேலே ஏறினார். வரையவரையக் கை நடுங்காததே அவருக்குப் பயமாக இருந்தது. கழுத்து வந்தது. முகம் வந்தது. எல்லாம் முடிந்தபின் கோடு போடும் தூரிகையை எடுத்துப் பார்த்தார். அறையில் நல்ல வெளிச்சம், அடுப்பில் தேநீர் இல்லை, வாசலில் யாரும் கூப்பிடவில்லை; இந்த முறை மறதி என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை. தூரிகையைக் கீழே வைத்தார். குதிரைக்கும் அன்றைக்கு இதையேதான் செய்திருப்போம் என்று நினைத்தார். அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்றும் நினைத்தார்.

மூசெம் அன்று தர்காவில் பாத்திஹா ஓதி முடித்து, கூடாரங்களில் ஆட்டுக்கறி மணக்க, பத்துக் குதிரைகள் மைதானத்தின் தலையில் வரிசையாக வந்து நின்றன. செத்தவனின் இடத்தை அடுத்த மூசெமில் காலியாக விடுவது வழக்கம். அதனால் நடுவில் ஒரு குதிரை அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். வயலிலிருந்து சாம்பல் குதிரை தானாக நடந்து வந்தது. அதன்மேல் பிராஹிமின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தது. வந்து இடைவெளியில் நின்றது. பந்தலில் குலவை எழவில்லை, அழுகையும் எழவில்லை, யாரோ ஒரு பிள்ளை தும்மியது. ஹாஜி பூஅஸ்ஸா தன் குதிரையிலிருந்தபடியே வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"பிராஹிம்! அரைச் சாண் முன்னால நிக்கறே. செத்தும் உனக்கு அந்தப் பழக்கம் போகலையா? பின்னால வா!"

சாம்பல் குதிரை அரைச் சாண் பின்னால் வந்தது. அப்போதுதான் பந்தல் சிரித்தது, சிரித்தபின் குலவையிட்டது. பூஅஸ்ஸாவின் தொண்டையிலிருந்து அந்த நீண்ட கூவல் கிளம்பியதும் பதினோரு குதிரைகளும் ஒரே குதிரைபோலப் பாய்ந்தன, மண் எழுந்தது, அங்கிகள் காற்றில் விரிந்தன, துப்பாக்கிகள் உயர்ந்தன, கோடியில் எல்லாம் வெடித்தன. வெடித்தது ஒன்றுதான் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பதினோரு துப்பாக்கிகளும் ஒற்றை வெடியாகக் கேட்பதற்காகத்தான் குழுக்கள் ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுக்கின்றன. ஐன் சம்ராவில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சத்தத்துக்கு முன்னும் பின்னும் ஓரம்கூட இல்லாத, ஒரு கல்லைப்போல உருண்டையான வெடி. கிழவர்கள் எழுந்து நின்றார்கள். பூஅஸ்ஸா தலைப்பாகையின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

புகைக்குள்ளிருந்து குதிரைகள் மெல்லத் திரும்பி வந்தன. மஹ்ஜூப் அன்றைக்குத் தாள் கொண்டுவரவில்லை, குனியவும் இல்லை. வாழ்வில் முதல்முறையாக, திரும்பி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கயிற்றோரம் நின்றார். வலக்கன்னங்கள் வந்தன. இத்தனை ஆண்டுகளாகத் தெரிந்த ஆட்கள் எல்லோரும் யாரோபோல இருந்தார்கள், களைத்து, வாய் பிளந்து, சிரித்துக்கொண்டு, ஒருவன் எதிரே பார்த்து மனைவிக்குக் கையசைத்தபடி. பத்துக் குதிரைகள் வந்தன. நடுவில் ஒரு குதிரை அகலத்துக்குக் காற்று வந்தது.

பந்தலில் யாம்னா எழுந்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கயிற்றைத் தாண்டிக் குதித்து, அடுத்த குழு பாயக் காத்திருப்பதையும், பூஅஸ்ஸா கத்துவதையும் பொருட்படுத்தாமல், மைதானத்தின் குறுக்கே எதிர்ப்பக்கத்துக்கு ஓடினாள். மஹ்ஜூப் பின்னால் ஓடினார். அங்கிருந்து பார்த்தபோது அவன் தெரிந்தான். அவள் அவன் முழங்காலருகே போய் நின்று, மூச்சு வாங்கினாள்.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

அவன் திரும்பவில்லை. இறுகிய தாடையோடு கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான், பாய்ச்சல் முடிந்தபின்னும் இனிமேல்தான் பாயப்போகிறவன்போல. அவள் முழங்காலைத் தட்டினாள். "பிராஹிம், உங்களைத்தான். நான் வந்திருக்கேன்." கண் அசையவில்லை. சிறிது நேரம் அவள் அந்தக் கன்னத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, கடையில் வேறு யாருடைய பையையோ எடுத்து வந்துவிட்டவள் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள். "இது உங்க பிராஹிம்."

"இவ்வளவுதான் நான் பாத்தது, யாம்னா."

"நீங்க பாத்தது மைதானத்துக்குப் போறவரை. வீட்டுக்கு வர்றவரை நான்தான் பாத்தேன். சாப்பிடறப்போ எனக்கு இடப்பக்கம் உக்காருவார், தூங்கறப்போவும் அப்படித்தான். எனக்குத் தெரிஞ்ச கன்னம் அந்தப் பக்கம் இருக்கு."

"அந்தப் பக்கம் எதுவும் இல்லைம்மா."

"நீங்க வரையலன்னு சொல்லுங்க," என்றாள் யாம்னா. "இல்லைன்னு சொல்லாதீங்க."

குதிரையின் மூக்கைக் கையால் தடவியபடியே அவள் சுற்றிப் போனாள். முதலில் தோள் மறைந்தது, பிறகு முக்காடு மறைந்தது. குதிரையின் வயிற்றுக்குக் கீழே அவளுடைய சிவப்புச் செருப்புகள் கொஞ்ச நேரம் தெரிந்தன, எட்டி எதையோ தொடுகிறவளின் கால்களைப்போல நுனியில் நின்றன. குதிரை ஓரடி எடுத்துவைத்தது. செருப்புகள் இல்லை. மஹ்ஜூப் தலைப்பக்கமாகச் சுற்றி மறுபக்கம் ஓடினார். அங்கே மிதிபட்ட மைதானம் இருந்தது, இறங்கிக்கொண்டிருந்த தூசி இருந்தது, தூரத்தில் தேநீர்க்காரரின் கூடாரம் இருந்தது.

"மைதானத்தை விட்டு விலகு, மஹ்ஜூப்!" என்று பூஅஸ்ஸா கத்தினார். "அடுத்த குழு நிக்குது!"

ஊர் அவளைத் தேடியது. ஆனால் தேடியவர்கள் யாரும் வயலைத் தாண்டிப் போகவில்லை. இரண்டு நாளில் அவளுடைய தட்டையப்பக் கல்லை யாரோ கழுவிக் கவிழ்த்துவைத்தார்கள். ஓட்டுநர்கள் பேருந்தை அங்கே நிறுத்தி, பழக்கத்தில் சில்லறையை எடுத்துவிட்டு, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள். கூடாரங்களைப் பிரித்து முடித்ததும், இமாம் தையிப் ஏழெட்டுப் பேரோடு மஹ்ஜூபின் வீட்டுக்கு வந்தார்.

"மூசெம் முடிஞ்சுது," என்றார். "பேசினபடி கோட்டைப் போட்டுடு. குதிரைக்கு ஒண்ணு, பிராஹிமுக்கு ஒண்ணு. நாங்க சாட்சிக்கு நிக்கறோம்."

மஹ்ஜூப் மெல்லிய தூரிகையை எடுத்தார், கறுப்பில் தொட்டார், படத்தின் அருகே போனார். எல்லோரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போட்டா அவ எங்க போவா?" என்று கேட்டார், திரும்பாமலே.

லாடம் அடிக்கிறவர் தன் தொடையைத் தடவிக்கொண்டார். இமாம் நெடுநேரம் தாடியைப் பிடித்தபடி படத்தைப் பார்த்தார். இடப்பக்கம் மட்டுமே உள்ள பதினோரு குதிரைகளையும் பார்த்தார். பிறகு மஹ்ஜூபின் கையிலிருந்து தூரிகையை வாங்கி, தன் ஜெல்லாபாவின் ஓரத்திலேயே மையைத் துடைத்து, அதை முக்காட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கேள்வி வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து நிப்போம்," என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது, யாரிடமும் சொல்லாததுபோல, "தீனி வைக்கறப்போ ரொட்டியும் சேர்த்து வைங்க" என்றார்.

அன்றிலிருந்து வயலில் வாளி வாற்கோதுமையோடு இரண்டு ரொட்டிகளும் வைத்தார்கள். வலப்பக்கத்தில், நாய்களுக்கு எட்டாத கல்லின்மேல். நாய்கள் எழுந்து இடம் மாறிக்கொண்டன, அதை மட்டும் எல்லோரும் கவனித்தார்கள். ரொட்டி மாலையில் இருக்காது. ஒருநாள் உப்பு குறைந்திருந்த ரொட்டியை வைத்தார்கள். அது மட்டும் பாதி பிட்டபடி கல்லின்மேல் திரும்பி வந்திருந்தது. ரொட்டி சுட்டவள், யாம்னா சொல்லமாட்டாளா என்ன, அவள் வாய் அப்படித்தான், என்று சொல்லிக்கொண்டே அடுத்த நாள் உப்பைக் கூட்டினாள்.

மஹ்ஜூப் படம் வரைவதை நிறுத்தியிருந்தார். ஒரு மதியம் வயலுக்குப் போய், தம்பி கோடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் இடப்பக்கத்தைத் தாண்டி நடந்து, வலப்பக்கத்தில் போய் நின்றார். அங்கே வயல் இருந்தது. வெயில், அறுத்த பயிரின் அடித்தாள்களின்மேல் வெள்ளையாக விழுந்திருந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். எதைப் பார்ப்பது என்று தெரியாததால் கண்ணை எங்கும் நிறுத்தாமல் வைத்திருந்தார். முதலில் சேணத்தின் தோல் முனகுவது கேட்டது. பிறகு யாரோ மெல்லும் சத்தம். பிறகு ஓர் ஆண் குரல், சாப்பிட்டுக்கொண்டே பேசும் குரல், ஏதோ சொன்னது; சொல் பிடிபடவில்லை, ஆனால் அந்தக் குரலில் அவசரமே இல்லை. தம்பி அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. ஒரு பெண் சிரித்தாள். மஹ்ஜூப் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேட்பதற்காகக் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா," என்றாள் யாம்னா, மிக அருகில். "வெளிச்சத்தை மறைக்கறீங்க."

எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஓரடி இந்தப் பக்கம் எடுத்துவைத்து, சரியா என்று காத்திருந்தார்.